டிக்கிக்குள் பெரியப்பா

துக்க வீட்டில் "நான் பார்த்துக்கறேன்" என்று முன்வந்து நிற்பவர்களில் பாதிப் பேருக்கு அங்கிருந்து நழுவ ஒரு காரணம் வேண்டும், அவ்வளவுதான். நானும் அந்தப் பாதியைச் சேர்ந்தவன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கியிருந்தேன். இரண்டே சீட். (பம்பாய் மாட்டுங்காவில் அதை நிறுத்தவே இடம் கிடையாது, ஓட்ட எங்கே போவது?) டிக்கி மேல் இறக்கை மாதிரி ஒரு ஸ்பாய்லரும் வைத்துவிட்டால் வாழ்க்கை சரியாகிவிடும் என்று நம்பினேன். தாராவியில் ஃபைபர் வேலை செய்யும் காதர் பாய் வியாழக்கிழமை காலை வரச் சொல்லியிருந்தார். மறுநாள் அவர் திருநெல்வேலிக்குக் கிளம்புகிறார், திரும்ப ஒரு மாதம் ஆகும்.

புதன்கிழமை பெரியப்பா தகனம். வியாழன் காலை அஸ்தியைப் பொறுக்கி மண்கலயத்தில் போட்டுத் துணி கட்டினார்கள். ஒரு மணிக்குக் கிளம்பி, இருட்டுவதற்குள் நாசிக்கில் கரைக்க வேண்டும். கலயத்தை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. அதுவரை எங்கே வைப்பது என்று பெரியப்பாவின் பிள்ளை, என் அண்ணா, விழித்தான்.

"நான் பார்த்துக்கறேன். என் டிக்கியில இருக்கட்டும்" என்றேன்.

அண்ணா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். இன்று நினைத்தாலும் கூசுகிறது. கால் மணி நேரத்தில் நான் தாராவியில் இருந்தேன்.

"டிக்கிய அடச்சே வைங்க தம்பி, ரெக்க கச்சிதமா ஒக்கார அதும் மேலயே அச்செடுக்கணும்" என்றார் பாய். "இடுக்குல டேப்பு ஒட்டணும். மேல மூணு வாட்டி மெழுகு தடவி, ஒவ்வொண்ணயும் காய விடணும். இல்லேன்னா ரெசின் பசை புடிச்சுக்கிடும்."

அவர் ஊருக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்ததால் மெழுகு வேலையை நானே வாங்கிக்கொண்டேன். ஒருமுறை தடவினேன். மணியைப் பார்த்தேன். ஓரத்தில் பிய்ந்திருந்த டேப்பை விரலால் அமுக்கினேன்.

"மூணும் ஆச்சா?"

"ஆச்சு பாய்."

அவர் ஃபைபர் விரித்து ரெசின் பூசினார். ஒரு மணி நேரத்தில் கல்லாக இறுகியது. ஆப்பு வைத்துச் சுத்தியலால் அடித்தார், அசையவில்லை. ரெசின் இடுக்கில் இறங்கி டிக்கி, பூட்டு, அச்சு எல்லாம் ஒன்றாகிவிட்டிருந்தன.

"நெசமாவே மூணு போட்டியளா?"

"ஒண்ணு."

"சரி, கெடக்கட்டும். ஊருக்குப் போயிட்டு வந்து பொறுமையா பிரிப்போம்."

"முடியாது பாய். உள்ளே பெரியப்பா இருக்கார்."

விஷயத்தைச் சொன்னேன். பாய் என்னையே பார்த்தார். அறைந்திருந்தால் தேவலை. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு கிரைண்டரை எடுத்தார்.

"மௌத்தானவுக மேல மிசின வைக்க வச்சிட்டியளே தம்பி!"

அண்ணா போன் செய்தான். "எங்கடா இருக்கே? வாத்தியார் வந்து அரை மணி ஆச்சு."

"டிராஃபிக்ல மாட்டிண்டிருக்கேன்."

"என்னடா சத்தம் அது?"

"மெட்ரோ வேலை."

டிக்கி மூடியைப் பாதியாக அறுத்துத் திறந்தோம். சுத்தியல் அடியில் கலயம் உடைந்து அஸ்தி சிதறியிருந்தது. அதன் மேல் கிரைண்டர் தூள் வெள்ளையாகப் படிந்திருந்தது. எது பெரியப்பா, எது ஸ்பாய்லர் என்று பிரிக்க வழியில்லை. பாய் தன் பெட்டியிலிருந்து ஒரு புதுத் துண்டை எடுத்து விரித்தார். இருவரும் மண்டியிட்டு எல்லாவற்றையும் சேர்த்து அள்ளிக் கட்டினோம்.

இரண்டரை மணிக்கு, வாத்தியாரோடு வாடகைக் காரில் காத்திருந்த அண்ணாவிடம் மூட்டையைக் கொடுத்து உண்மையைச் சொன்னேன். அவன் மூட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். நாசிக் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் கொஞ்சம்தான் மிச்சம். அஸ்தி கோதாவரியில் இறங்கியது. ஃபைபர் தூள் இறங்காமல் படியோரமே மிதந்தது. அண்ணா இடுப்பளவு தண்ணீரில் நின்று அதைக் கையால் தள்ளிக்கொண்டே இருந்தான். அதைப் பார்த்துத்தான் நான் பெரியப்பாவுக்காக முதன்முதலாக அழுதேன்.

அண்ணா ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. பெரியம்மாதான் கதையைக் கேட்டுச் சிரித்தாள். "ஜன்மத்துல நாப்பதுக்கு மேல வண்டி ஓட்டாத மனுஷன், கடைசியில ரெக்கையோட போயிருக்கார்!" எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் இதை இன்னும் சொல்கிறார்கள்.

பெரியம்மா போன வருஷம் போய்விட்டாள். தன் அஸ்தியை ரயிலில்தான் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தாள். அண்ணா கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தான். இகத்புரி ஸ்டேஷனில் டீ வாங்க எழுந்தவன் கலயத்தை என்னிடம் நீட்டினான். ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு அதையும் எடுத்துக்கொண்டு இறங்கினான்.