ஊசி டீச்சரும் ஸ்டான்லிக்கு எழுதிய கடிதமும்

பனச்சமூட்டிலிருந்து பொழியூர்க் கடற்கரை வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும் ஊசி டீச்சரைப்போல் கோபப்படத் தெரிந்த இன்னொரு ஆளைக் காட்ட முடியாது. மற்றவர்களுக்குக் கோபம் வரும், போகும். டீச்சருக்கு அது போனதை யாரும் பார்த்ததில்லை.

பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் அவர் தையல் டீச்சர். அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். பொழியூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். பஸ் நிறுத்தம் தாண்டி நின்றால் கண்டக்டரைத் திட்டுவார். சரியாக நின்றால், "நேத்து மட்டும் ஏன் நிக்கல்ல?" என்று திட்டுவார். கடலேறி அவர் வீட்டுத் தென்னைகள் இரண்டைக் கொண்டுபோனபோது கரையில் நின்று ஒரு மணி நேரம் கடலை ஏசினாராம். அந்த வருஷம் அதற்குமேல் கடல் ஏறவில்லை என்பதையும் சேர்த்தே சொல்வார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பக்கம் கேபிள் டி.வி. வந்தது. பிந்துவின் அப்பா துபாயில் இருந்ததால் முதல் இணைப்பு அவள் வீட்டுக்கு. சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு அமெரிக்க நாடகம். பத்தாம் வகுப்புக்காரிகள் மூன்று பேர், நானும் பிந்துவும் ஷைனியும், பை கழற்றாமல் போய் உட்காருவோம். பேசுகிற இங்கிலீஷில் கால்வாசி புரியும். மிச்ச முக்கால் கதையை நாங்களே இட்டுக்கட்டிக்கொள்வோம். கதாநாயகன் ஸ்டான்லி. எண்ணெய்க் கம்பெனி முதலாளி. வாரம் ஒருத்தியிடம் மனதைக் கொடுத்து மறுவாரம் திருப்பி வாங்குகிறவன்.

ஒரே மாதத்தில் நாங்கள் ஆளே மாறிவிட்டோம். கேள்வி கேட்டால் பதிலுக்குத் தோளைக் குலுக்கினோம். ஷைனி அவள் அம்மாவிடம், "எனக்குக் கொஞ்சம் ஸ்பேஸ் வேணும்" என்றாள். அந்த அம்மா பாவம், அறை மூலையில் குவித்திருந்த மரச்சீனிக் கிழங்கை வாரி அடுக்களைக்கு மாற்றிக் கொடுத்தார்.

நாடகத்தில் வரும் பெண்களுக்குத் தோள் எடுப்பாக நிற்கும். நாங்களும் யூனிஃபார்ம் சட்டைக்குள் இலவம்பஞ்சு திணித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனோம். ஊசி டீச்சர் வராந்தாவிலேயே மறித்தார்.

"இதென்னவாக்கும் ஏட்டி? தோளா, தலகாணியா?"

பஞ்சு முழுவதையும் பிடுங்கி எறிந்தார். பிறகு எங்கள் தையலைப் பார்த்தார். கோபம் இரண்டு மடங்கானது. "சவம், வைக்குததுதான் வைக்குதிய, ஒழுங்கா வைக்கப்பிடாதா? ஒண்ணு ஏறியும் ஒண்ணு எறங்கியும் நிக்குது!" என்று உட்காரவைத்து, தோளில் பஞ்சு வைத்துத் தைக்கும் முறையை முக்கால் மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். அழகாக வந்தது. உடனே அதையும் பிரித்துப் போட்டார்.

அடுத்து நடந்ததற்கு நான்தான் காரணம். ஸ்டான்லி ஒரு மஞ்சள் முடிக்காரியைக் கல்யாணம் செய்யப்போகிறான் என்று தெரிந்ததும் ஷைனிக்குச் சோறு இறங்கவில்லை. மூவரில் என் இங்கிலீஷ் கொஞ்சம் மேல். அவள் சொல்லச் சொல்ல, அவளுடைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் கடிதம் எழுதினேன். "அன்புள்ள ஸ்டான்லி, அவளைக் கட்டாதே. அவளுக்கு உன் எண்ணெய்க் கம்பெனிமேல்தான் கண். நாளைக்கும் ஐந்தரைக்குப் பார்ப்போம். உன் ஷைனி." எழுதிவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தோம்.

நோட்டு ஷைனியின் அப்பா கையில் சிக்கியது. அவர் மரக்கடைக்காரர். மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளை அறைக்குள் தள்ளிப் பூட்டினார். கடையிலிருந்து ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு, இரண்டு ஆட்களோடு ஸ்டான்லியைத் தேடிப் புறப்பட்டார்.

எங்கள் பக்கத்தில் எந்தக் கல்லைத் தூக்கினாலும் அடியில் ஒரு ஸ்டான்லி இருப்பான். எண்ணெய்க் கம்பெனி என்று இருந்ததால் முதலில் நெய்யாற்றின்கரை வழியில் தேங்காயெண்ணெய் மில் வைத்திருந்த ஸ்டான்லியிடம் போனார்கள். அவருக்கு அறுபத்திரண்டு வயது, சர்க்கரை நோய், ஐந்து பேரப்பிள்ளைகள். அடுத்த ஸ்டான்லி அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தான். மூன்றாவது ஸ்டான்லி பஸ் கண்டக்டர். பூவாறில் பஸ்ஸிலிருந்து இறக்கி அவரை அறைந்தார்கள். "எந்தினா சாரே அடிச்சது?" என்று அந்த மனிதர் காரணம் தெரியாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாராம். அவர்கள் அடுத்த ஸ்டான்லியைத் தேடிப் போய்விட்டார்கள். இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. என்மேல்தான் அதிகம். நான் நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் கடைசிப் பீரியட் தையல் வகுப்பில், "ஷைனி எங்க?" என்றார் டீச்சர். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அளவு டேப்பை மடித்து என் முதுகில் இரண்டு போட்டார்.

"கூட்டுகாரி பூட்டிக் கெடக்கா. நீ இங்க இருந்து பூத்தையல் போடுதே! எந்திரி ஏட்டி!"

அப்படியே என்னை இழுத்துக்கொண்டு நடந்தார். மரக்கடைக்காரர் வீட்டு முற்றத்தில் போய்த்தான் நின்றார். ஷைனியைத் திறந்துவிடச் சொல்லிக் கத்தினார்.

"டீச்சர் தையலு படிப்பிச்சாப் போரும். எனக்க பிள்ளைய நான் பாத்துக்கிடுவேன்."

"நீரு பாத்த லெச்சணத்துல ஊரே சிரிக்குது. வாரும் ஓய், அந்த ஸ்டான்லிய உமக்கு நான் காட்டித்தாறேன்."

மரக்கடைக்காரர் பாய்ந்து கட்டையை எடுத்துக்கொண்டார். ஷைனியின் அம்மா பூட்டைத் திறந்து ஷைனியைக் கூட்டிக்கொண்டு பின்னால் வந்தார். எல்லோரும் பிந்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தரை. டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. நீச்சல் குளத்திலிருந்து அரையில் ஒரு துண்டுத் துணியோடு ஸ்டான்லி ஏறிவந்தான். மஞ்சள் முடிக்காரியைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டான். மரக்கடைக்காரர் தோளில் கிடந்த தோர்த்துத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"கண்ணத் தொறந்து பாரும்! இவனையாக்கும் நீரு நாலு நாளா தேடினது. கட்டை உண்டும்லா கையில? அடியும், பாப்போம்!"

"இது... டி.வி.யில வாறவன்லா?"

"பின்ன? பூவாறு பஸ்ஸுல டிக்கெட்டு கிழிக்கியவனா?"

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அவர் தோர்த்தைத் தோளில் போட்டுக்கொண்டு, "யாருக்கு எழுதினாலும் எழுத்து எழுத்துதான். நாலு பேருக்குத் தெரிஞ்சாச்சு. இனி படிப்பு வேண்டாம். மார்த்தாண்டத்துல ஒரு மாப்பிள்ள பாத்து வச்சிருக்கேன்" என்றார். பரீட்சைக்கு ஆறு வாரம் இருந்தது.

ஊசி டீச்சரின் குரல் இறங்கி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"நாலு பேருக்கு யாரு சொன்னது? அவளா? அவ எழுதினது அவளுக்க நோட்டுக்குள்ள இருந்துது. நீராக்கும் கட்டையும் தூக்கிட்டு ஊரு ஊரா போயிச் சொன்னது. கெட்டிக் குடுக்கணும்னா, மொதல்ல உமக்க வாய எங்கயாவது கெட்டிக் குடும்."

டீச்சர் தொடர்ந்தார். "பரீட்சைக்கு நான் வந்து கூட்டிட்டுப் போவேன். நானே கொண்டுவந்து விடுவேன்."

மரக்கடைக்காரர் வாயெடுக்கும் முன்னால், சுவரோரம் நின்ற ஷைனியின் அம்மா, "அவ எழுதட்டும்" என்றார். அந்த வீட்டில் அவர் சொல்லி ஒரு காரியம் நடந்தது அதுதான் முதல் தடவை என்று ஷைனி பிறகு சொன்னாள்.

பரீட்சை நாட்களில் டீச்சர் விடியற்காலையில் பொழியூரிலிருந்து கிளம்பி வந்தார். கேள்வித்தாளைத் திட்டினார், வெயிலைத் திட்டினார், ஷைனி பேனா பிடிக்கும் விதத்தைத் திட்டினார். இடையில் ஒருநாள், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "அந்தக் கேடுகெட்டவன் கடைசியில யாரக் கெட்டினான் ஏட்டி?" என்று என்னிடம் தனியாகக் கேட்டார். எங்களுக்கும் தெரியாது. பிந்துவின் அம்மா கேபிளை அறுத்துவிட்டிருந்தார்.

ஷைனி முதல் வகுப்பில் தேறினாள். மார்த்தாண்டத்து மாப்பிள்ளையின் பேச்சு மறுபடி வந்தபோதும் அவள் அம்மாவே முன்னால் வந்து வேண்டாம் என்றார். அவள் நர்சிங் படித்தாள். மரக்கடைக்காரர் அந்தக் கண்டக்டரிடம் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

பல வருடம் கழித்து ஊசி டீச்சரைப் பூவாறு பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். ஓய்வு பெற்றிருந்தார். கோபம் ஓய்வு பெறவில்லை. ரிசார்ட்டுக்காரர்களின் படகுச் சத்தத்தைத் திட்டினார், என் முடியைத் திட்டினார். நான் பத்திரிகையில் எழுதுவதை வாசிக்கிறாராம். "ஒவ்வொண்ணுலயும் நூலு தொங்குது. முடிச்சுப் போடாம எந்திரிச்சுப் போயிருதே" என்று தொடங்கி, போன மாதம் நான் எழுதியதைப் பத்தி பத்தியாகப் பிரித்துப் போட்டார்.

எனக்கான பஸ்கள் மூன்று வந்தன. ஒன்றிலும் நான் ஏறவில்லை.