ஆமை பேச வேண்டிய வசனம்

மகளின் பள்ளிப் பைக்குள் டிபன் பாக்ஸைத் தேடிக் கையை விட்ட அப்பாவுக்கு ஒரு காண்டாமிருகம் அகப்பட்டது.

படப் புத்தகம்தான். அட்டையில் பெரிய காண்டாமிருகம் ஒன்று இளித்துக்கொண்டு நின்றது. அதன் காலடியில் ஒரு சின்ன ஆமை மல்லாந்து கிடந்தது. அப்பா நின்றபடியே பக்கங்களைப் புரட்டினார். காண்டாமிருகம் தினமும் காலையில் வரும், ஆமையைப் புரட்டிப் போடும், சிரிக்கும், போய்விடும். கடைசியில் ஆமை ஒருநாள் தலையை வெளியே நீட்டி, "நீ இப்படிப் பண்றது எனக்குப் பிடிக்கல. நிறுத்து" என்று சொல்லும். காண்டாமிருகமும் நிறுத்திவிடும். காட்டில் எல்லாம் அவ்வளவு சுலபமாக நடக்கிறது.

"இது ஏது பாப்பா?"

"மிஸ் குடுத்தாங்க," என்றாள் இரண்டாம் வகுப்புப் பாப்பா, ஷூக்களைத் திசைக்கொன்றாகக் கழற்றி எறிந்தபடி.

"எல்லாருக்கும் குடுத்தாங்களா?"

"இல்ல. எனக்கு மட்டும்தான். நீயும் நானும் சேர்ந்து படிக்கணும். அம்மா வேணாம்."

அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. வகுப்பில் யாரோ ஒரு காண்டாமிருகம் தன் மகளை மல்லாத்திப் போட்டுக்கொண்டிருக்கிறது. அவள் சொல்ல முடியாமல் தவிக்கிறாள். மிஸ் புத்தகம் மூலமாகச் சேதி அனுப்பியிருக்கிறார்.

அப்பாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிடுவது நல்லது. கட்டில், பீரோ விற்கும் கம்பெனி ஒன்றில் அவருக்குப் புகார்ப் பிரிவில் வேலை. கட்டில் ஆடுகிறது, பீரோ கதவு மூடமாட்டேன் என்கிறது என்று நாள் முழுக்க யாராவது போனில் கத்துவார்கள். அவர்கள் மூச்சு வாங்கும் இடைவெளியில் மேனேஜர் கத்துவார். ஆபீஸில் மேனேஜருக்குப் புயல் என்று பெயர். புயலாவது கரையைக் கடந்தால் ஓயும் என்று, பெயர் வைத்தவரே பிற்பாடு வருத்தப்பட்டார். எல்லாருக்கும் அப்பா சொல்லும் பதில் ஒன்றுதான்: "சரிங்க சார், தப்பு எங்களோடதுதான்."

அன்று மாலை வேலை முடிந்து வந்த மனைவியைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்.

"பாப்பாவ ஸ்கூல்ல யாரோ படுத்துறாங்க."

"அவ சொன்னாளா?"

"புத்தகம் சொல்லுது."

அம்மா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். ஊசியைக் குத்தினோமா, விஷயத்தைத் தெரிந்துகொண்டோமா என்று பழகியவள். "அவகிட்டயே நேரா கேட்டுடுங்க," என்றாள்.

"நேரா கேட்டா பிள்ளைங்க வாயத் திறக்காது. படத்தக் காட்டித்தான் பேச வைக்கணும். அது ஒரு கலை."

"என்னமோ பண்ணுங்க. ஆனா குழந்தைய மூஞ்சியவே உத்துப் பாத்துப் பயமுறுத்தாதீங்க."

அப்பா கலையில் இறங்கினார். பாப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, காண்டாமிருகத்துக்குக் கட்டைக் குரலும் ஆமைக்குக் கீச்சுக் குரலும் கொடுத்துப் படித்தார். நடுவில் இரண்டு முறை ஆபீஸ் போன் வந்து அவர் பால்கனிக்கு ஓட வேண்டியிருந்ததால், பாவம், ஆமை வெகுநேரம் மல்லாந்தே கிடந்தது.

படித்து முடித்ததும், தற்செயலாகக் கேட்பதுபோல, "இதுல நீ யாரு பாப்பா?" என்றார்.

"நான் மரம்."

"மரமா? மரத்துக்கு இதுல வேலையே இல்லையே."

"அது பாத்துக்கிட்டே இருக்குல்ல?"

அப்பா விடவில்லை. "சரி, ஆமையப் பத்தி என்ன நினைக்கற?"

"அது ஏம்ப்பா இத்தன நாளா ஒண்ணுமே சொல்லல?"

"பயமா இருந்திருக்கும்."

"ம்," என்று பாப்பா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தட்டிக் கொடுத்தாள். இவ்வளவு துயரத்தையும் உள்ளுக்குள் வைத்துக்கொண்டு குழந்தை தனக்கு ஆறுதல் சொல்கிறதே என்று அப்பா உருகிப்போனார். பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ஒரு மூச்சு அழுதார்.

மறுநாள் புதிய திட்டம். நடித்துப் பார்ப்பது. தான் காண்டாமிருகம், பாப்பா ஆமை. திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினால் வகுப்பிலும் தைரியமாகச் சொல்லிவிடுவாள் அல்லவா?

பாப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "நான்தான் காண்டாமிருகம். நீ ஆமை. படு."

அப்பா கட்டிலில் மல்லாந்து கைகால்களைத் தூக்கிக்கொண்டார். பாப்பா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

"எத்தன தடவ சொல்றது உனக்கு? மண்டையில ஏதாவது இருக்கா? உன்ன வச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது?"

அப்பா தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார். புத்தகத்தில் இப்படியெல்லாம் இல்லை. அதில் காண்டாமிருகம் சிரிக்க மட்டும்தான் செய்கிறது.

"பேசு," என்றாள் பாப்பா.

"எனக்கு... இது பிடிக்கல. நிறுத்து."

"காதுல விழல. சத்தமா."

"எனக்கு இது பிடிக்கல. நிறுத்து."

"அழற மாதிரி சொல்லக் கூடாது. மூஞ்சியப் பாத்துச் சொல்லு. இன்னொரு தடவ."

பத்துப் பதினைந்து தடவை சொல்ல வைத்துவிட்டுத்தான் விட்டாள். எட்டிப் பார்த்த அம்மா, "கட்டில் உடைஞ்சா யார்கிட்ட புகார் சொல்றது?" என்று கேட்டுவிட்டுப் போனாள். சிரிக்கிற நிலையில் அப்பா இல்லை. கால்கள் இரண்டும் இன்னும் மேலேயே இருந்தன. அவர் புத்திக்கு இப்போது வேறொன்று உறைத்துவிட்டது. இந்தப் பேச்சை இவள் எங்கே கற்றாள்? யாரிடம் பேசிப் பழகினாள்? ஐயோ, வகுப்பில் காண்டாமிருகமே இவள்தானா?

யாரிடமாவது விசாரித்தாக வேண்டும். கீழ்வீட்டுச் சிறுமியும் பாப்பா வகுப்புத்தான். காலையில் படிக்கட்டில் அவளைப் பிடித்து, "பாப்பா உன்ன ஏதாவது திட்டறாளா கண்ணு? அடிக்கறாளா? மாமாகிட்ட பயப்படாம சொல்லு," என்றார்.

அவள் கண்ணை அகல விரித்து, "இல்ல," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் ஓடினாள். அடுத்த நிமிஷம் அவள் அம்மா கையில் கரண்டியோடு வெளியே வந்தார்.

"என்ன சார் கேட்டீங்க எம் பொண்ணுகிட்ட? ரெண்டும் உயிருக்கு உயிரா இருந்துச்சுங்க. இப்ப என்னடான்னா, 'இதுவரைக்கும் அடிச்சதில்ல, இனிமே அடிப்பாளாம்மா, அதான் அவங்கப்பா முன்கூட்டியே சொல்றாரா'ன்னு கேட்டு அழறா. இன்னிக்கு ஸ்கூலுக்கே போகமாட்டாளாம்."

"தப்பு எங்களோடதுதாங்க," என்றார் அப்பா, பழக்க தோஷத்தில்.

"பாத்தீங்களா, நீங்களே ஒத்துக்கறீங்க."

அவர் ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள், பாப்பா ஒரு ரவுடி என்ற செய்தி குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் ஏறிவிட்டது. மூன்றாம் மாடிக்காரர், பிள்ளை வளர்ப்பு குறித்துத் தமக்கு வந்த நீளமான வீடியோ ஒன்றையும் அனுப்பியிருந்தார்.

அம்மாவிடமிருந்து போன் வந்தது. "கலை எல்லாம் போதும். போய் மிஸ்ஸ நேராப் பாருங்க. இன்னிக்கே."

மிஸ்ஸைப் பார்க்கலாம், மதிய இடைவேளையில். ஆனால் அதற்கு ஒரு மணி நேரம் அனுமதி வேண்டும். அனுமதி தர வேண்டியவர் புயல்.

அப்பா அறைக்குள் போனார். கையில் அந்தக் காண்டாமிருகப் புத்தகம்; காலையில் பாப்பாவின் பைக்குள் வைக்க மறந்து ஆபீஸுக்கே கொண்டுவந்திருந்தார்.

"சார், பொண்ணு ஸ்கூலுக்கு ஒரு மணி நேரம்..."

"ஸ்கூலா? அஞ்சு பீரோ திரும்பி வந்து வாசல்ல நிக்குது, உனக்கு ஸ்கூல் கேக்குதா?" கதவு திறந்தே இருந்ததால் குரல் கூடம் வரை போயிற்று. "கையில என்னய்யா அது, பொம்மைப் புக்கு? சரிதான். உன் அறிவுக்கு அதுதான் லாயக்கு. போய் உக்காரு."

அப்பா வழக்கம்போல "சரிங்க சார்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். பாப்பா அழுதுகொண்டிருக்கலாம், அல்லது வேறு யாரையாவது அழ வைத்துக்கொண்டிருக்கலாம், நேரம் ஓடுகிறது என்ற பதைப்பு. திறந்த வாயிலிருந்து நேற்றுப் பழகியதுதான் வந்தது.

"சார், நீங்க இப்படிப் பேசறது எனக்குப் பிடிக்கல. நிறுத்துங்க."

சத்தமாகவே வந்தது. மூஞ்சியைப் பார்த்தே வந்தது. கூடத்தில் அடித்துக்கொண்டிருந்த போன்களை யாரும் எடுக்கவில்லை.

மேனேஜர் அவரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அதே ஆள்தான்.

"போய்ட்டு வா," என்றார். பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "வாங்க," என்றார்.

வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று யோசிக்கக்கூட அப்பா நிற்கவில்லை. ஆட்டோ பிடித்துப் பள்ளிக்குப் பறந்தார்.

வகுப்பறையில் பெரியவர்கள் உட்காரத் தோதான நாற்காலி இல்லை. இரண்டாம் வகுப்பு நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்துகொண்டு, அப்பா மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தார்.

"மிஸ், மறைக்காம சொல்லிடுங்க. முதல்ல அவள யாரோ படுத்துறாங்கன்னு நினைச்சேன். இப்ப அவதான் மத்தவங்களப் படுத்துறாளோன்னு பயமா இருக்கு. எதுவா இருந்தாலும் தாங்கிக்கறேன். எதுன்னு தெரியாமத்தான் தாங்க முடியல."

மிஸ் அவரை விநோதமாகப் பார்த்தார். "பாப்பாவா? அவள யாரும் படுத்தல சார். அவளும் யாரையும் படுத்தல. சிரிச்சுக்கிட்டே வரா, சிரிச்சுக்கிட்டே போறா. ரெண்டு பிள்ளைங்க முடியப் பிடிச்சுக்கிட்டா விலக்கி விடறதே அவதான்."

அப்பாவுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. மகள் நன்றாக இருக்கிறாள். யாரும் அவளை மல்லாத்தவில்லை, அவளும் யாரையும் மல்லாத்தவில்லை. சந்தோஷத்தில் கண் கலங்கியது. அந்தக் குட்டி நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே மனமில்லை, முடியவும் இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை நீட்டினார். "அப்ப இத ஏன் மிஸ் அவளுக்குக் குடுத்தீங்க?"

"அது அவளுக்கு இல்ல சார், உங்களுக்கு," என்றார் மிஸ். "'எங்கப்பாவ ஆபீஸ்ல ஒருத்தர் தினமும் திட்டறாரு மிஸ், போன்ல கத்தறது எனக்கே கேக்குது, அப்பா திருப்பி ஒண்ணும் சொல்லமாட்டேங்கறாரு, நேராக் கேட்டா வாயத் திறக்கமாட்டாரு, படம் போட்ட புக்கு ஏதாவது இருந்தா குடுங்க, நான் பேசிப் பாக்கறேன்'னு அவதான் வாங்கிட்டுப் போனா."