நாற்பத்து மூன்றாம் எண் வீடு பூட்டியிருக்கிறது

ஆரணி,
13-2-84, திங்கள்.

அன்பும் பாசமும், அவற்றைவிட ஒரு படி கூடுதலாகப் பிடிவாதமும் நிறைந்த அக்கா தேவகிக்கு, தங்கை ரேணுகாம்பாள் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இவ்விடம் அப்பாவும் அம்மாவும் நானும் நலமா இல்லையா என்று எழுத எனக்கு அதிகாரமில்லை. எங்கள் நலத்தை உன் ஆபீஸ் இன்னும் கணக்கெடுத்து முடிக்கவில்லை. முடியாமல் போனதற்குக் காரணம் நான்தான், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மூன்று வருஷமாக எழுதாதவளுக்கு இப்போது என்ன வந்தது என்று கேட்பாய். உனக்கு யாரும் எழுதக் கூடாது என்று அப்பா சொன்னது ஒன்று, உன் விலாசம் தெரியாதது இன்னொன்று. முதலாவது அப்படியேதான் இருக்கிறது. இரண்டாவதை உங்கள் ஆபீஸ் ஆள் மணவாளன் கையிலிருந்த தாளைப் பார்த்துக் காப்பியடித்துவிட்டேன். பரீட்சையில்கூட நான் இவ்வளவு பிழையில்லாமல் காப்பியடித்ததில்லை.

மணவாளன் என்று பெயர்தானே தவிர இன்னும் மணமாகவில்லை, விசாரித்துவிட்டேன். போன புதன்கிழமை சைக்கிள் கேரியரில் எடை பார்க்கும் மெஷினைக் கட்டிக்கொண்டு, தறிக்காரர்களுக்கு நெஞ்சில் என்ன, முதுகில் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ள நம் தெருவுக்கு வந்தாராம். தெருவில் நூற்றுப் பன்னிரண்டு வீடு, பட்டியலில் ஒன்பதே ஒன்பது, அதில் ஒன்று நாற்பத்து மூன்றாம் எண், அதாவது நம் வீடு. நாங்களோ பெரணமல்லூரில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறோம், இங்கே கதவில் பூட்டு. பக்கத்து வீட்டுக் குப்புராஜ் மாமா சும்மா இருப்பாரா? அவர்களுக்குப் பதில் என்னை எழுதிக்கொள், அவர்களைவிட நான் நன்றாகவே இருமுவேன் என்று சொல்லி, ஆதாரத்துக்கு நாலு தரம் இருமியும் காட்டியிருக்கிறார். பூட்டிய வீட்டுக்குப் பதிலாகத் திறந்த வீட்டை எழுதக் கூடாது என்று மணவாளன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தன் இருமலை சர்க்கார் மதிக்கவில்லை என்று மாமா இன்றுவரை தெரு முழுக்க முறையிட்டுக்கொண்டு திரிகிறார். அம்மாவோ, நம் வீடு மாதிரிக்கு எடுத்த வீடு என்று கேட்டதும், ஊருக்கே மாதிரி வீடு என்று வைத்துக்கொண்டு வாசலை இரண்டு தரம் மெழுகிவிட்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுனையில் மணவாளனைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வீடு பூட்டியிருந்தால் அடுத்த வீட்டுக்குப் போகிறதை விட்டு எதற்கு இந்தப் பேஜார் என்று கேட்டேன். அவர் சைக்கிளை நிறுத்தி, வாத்தியார் மாதிரி இல்லாமல், தனக்கே சொல்லிக்கொள்கிறவர் மாதிரி சொன்னார். "இருக்கிறவங்களையே கேட்டுகினு போனா இருக்கிறவங்க கணக்குதான்மா வரும். வெளிய போனவங்க யாரு, அவங்களுக்கு என்னான்னு தெரியாமலே போயிடும். அதான் பூட்டின வீட்டுக்கு மூணு வாட்டி போகணும்." மூன்று தரமும் பூட்டியிருந்தால் என்ன செய்வீர்கள் என்றேன். எங்கள் மேடமே மெட்ராசிலிருந்து நேரில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லி வீட்டுப் பட்டியலைக் காட்டினார். அடியில் மேடத்தின் கையெழுத்து. அந்த 'தே'யின் கொம்பைக் காற்றாடி வால் மாதிரி இழுத்துவிடுகிறவள் இந்த உலகத்தில் ஒருத்திதான். என் ரேங்க் கார்டில் அப்பாவுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்ட கையல்லவா. எனக்கு எழுத்து மங்கிப்போயிற்று. கண்ணில் தூசி என்று மணவாளனிடம் சொல்லிவைத்தேன்.

அக்கா, எண்களைத் தலைகால் இல்லாமல் கொட்டிவைத்த ஒரு புத்தகம் இருக்கிறதாமே, அதில் கண்ணை மூடிக்கொண்டு கை வைத்துத்தான் வீடுகளைப் பொறுக்குவாயாமே. நாற்பத்து மூன்று என்று வந்தபோது இரண்டு கண்ணும் மூடியிருந்ததா, ஒன்று மட்டும்தானா? வந்த எண்ணை அடிக்கக் கூடாது என்பது உங்கள் சட்டமாம். அடிக்க மனசு வந்ததா என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடச் சொன்னால் ஓடி ஒளிகிறவள், தேசூர் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த அன்றைக்குப் புள்ளியியல் வேலைக்கு இன்டர்வியூ என்று மெட்ராஸ் பஸ்ஸில் ஏறிவிட்டாய். அவர்கள் தொடாமல் போன பஜ்ஜியை நான் மூன்று நாள் தின்றேன். அப்பா உன் பெயரைச் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது.

ஆகவே நம் வீடு இன்னும் இரண்டு தரம் பூட்டியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை காலை மணவாளன் வருவார் என்று தெரியும். அம்மா புளி வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். அப்பா கூடத்தில் தறியில் இருந்தார். வெளியே வந்து பூட்டைப் போட்டுவிட்டு, குப்புராஜ் மாமா வீட்டுப் படியில் வரலாற்றுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். மணவாளன் வந்தார், பூட்டைப் பார்த்தார், காதைக் கதவில் வைத்தார். உள்ளே தறி டக்கு டக்கு என்று ஓடிகினு இருக்கிறது. "பூட்டின வீட்ல தறி ஓடுதேம்மா" என்றார். அது பக்கத்து வீட்டுச் சத்தம் என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் வெற்றிலையை மென்றபடி என் தலைக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தது அப்புறம்தான் தெரிந்தது. அதற்குள் தறி நின்று அப்பா இரும ஆரம்பித்துவிட்டார். அதை மறைக்க நான் இருமினேன், தன் திறமையைக் காட்ட நல்ல சந்தர்ப்பம் என்று மாமாவும் சேர்ந்துகொண்டார். மூன்று பேர் இருமலுக்கு நடுவே "ரேணு, தண்ணி கொண்டா" என்று உள்ளேயிருந்து குரல். மணவாளன் பூட்டிய வீடு என்று எழுதி, குறிப்பு என்ற இடத்தில் 'உள்ளே தண்ணீர் கேட்கிறார்கள்' என்றும் எழுதிக்கொண்டு போனார். நல்ல மனுஷன், பொய் எழுதத் தெரியவில்லை.

அப்புறம் சாவியைக் காணோம். எங்கே ஒளித்தேன் என்பது எனக்கே மறந்துவிட்டது. முக்கால் மணி நேரம் அப்பா உள்ளேயிருந்து என்னைத் திட்ட, நான் வெளியேயிருந்து தேட, கடைசியில் வாசலோரம் இருந்த, தறிப் பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சிப் பானைக்குள்ளிருந்து எடுத்தேன். புளியோடு வந்த அம்மா, முழங்கை வரை கஞ்சியோடு நின்ற என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப் போனாள். உன் கையெழுத்தைப் பற்றிச் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால் என் கையை மட்டும் கழுவிவிட்டாள், ரொம்ப நேரம் கழுவினாள். பிறகு கேட்டாள்: "மூணாவது வாட்டி எப்போ?"

மூன்றாவது வாட்டி நாளைக் காலை. முள்ளிப்பட்டில் தன் தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அம்மா அப்பாவை அழைத்துப் போகிறாள். அந்த மாமா கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார், பாவம். நான் பூட்டைப் போடுவேன். பிறகு நீ வந்தே ஆக வேண்டும். மகளைத் துரத்தலாம், சர்க்கார் மேடத்தைத் துரத்த முடியுமா? வந்து பாயில் உட்கார்ந்து ஃபாரத்தை விரி. அதில் நாற்பத்தாறு கேள்வி, எண்ணிப் பார்த்தேன். ஒன்றுக்கு ஒரு வார்த்தை என்றாலும் அப்பா உன்னிடம் நாற்பத்தாறு வார்த்தை பேசியாக வேண்டும். பதினேழாவது கேள்வி, இருமல் எத்தனை நாளாக என்பது. அதை மெதுவாகக் கேள் அக்கா. இரண்டு மாதமாக விடவில்லை. எங்களிடம் தூசி என்கிறார், நான் மணவாளனிடம் சொன்ன மாதிரியே.

உன் அறைத் தோழிகளுக்கு என் நமஸ்காரம், ஆபீஸுக்கு என் மன்னிப்பு. படவேட்டு அம்மன் உன்னைக் காத்து, சீக்கிரம் பஸ்ஸிலும் ஏற்றிவிடட்டும்.

இப்படிக்கு,
உன் கணக்கைக் கெடுத்த
ரேணு

பி.கு. செவ்வாய் மத்தியானம். மேலே எழுதியது அத்தனையும் வீண். நீ வரத் தேவையில்லை. பஸ் ஸ்டாண்டில் அப்பாவுக்கு இருமல் வந்து பஸ்ஸில் ஏற முடியாமல் அம்மாவோடு திரும்பிவிட்டார். நம் வாசலில் மணவாளன் நிற்கிறார், நான் பூட்டு இருக்கிறது என்று காட்டிகினு இருக்கிறேன். அப்பா கையை நீட்டினார், சாவியைக் கொடுத்துவிட்டேன். மணவாளனை உள்ளே உட்கார வைத்து நாற்பத்தாறுக்கும் பதில் சொன்னார். இருமல் இரண்டு மாதம் என்று உண்மையையே சொன்னார். சளி எடுக்க ஒரு சின்ன டப்பாவும் வாங்கிக்கொண்டார். ஃபாரம் பூர்த்தி, மேடத்துக்கு வேலையில்லை. ஒரு இடத்தில்தான் தகராறு. வீட்டில் எத்தனை பேர் என்றதற்கு அப்பா நாலு என்றார். மூன்று பேர்தானே இருக்கிறீர்கள், நாலாவது யார் என்று கேட்டார் மணவாளன். "தேவகி. வயசு இருபத்தாறு." ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருப்பவர்களைச் சேர்க்கக் கூடாது என்று மணவாளன் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அம்மா வழியிலேயே சொல்லியிருக்க வேண்டும், அப்பா அந்த வீட்டுப் பட்டியலை வாங்கி, அடியிலிருந்த உன் கையெழுத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"நீ எழுதுப்பா. தப்புன்னா உங்க மேடம் இங்க வந்து, என் எதுர்ல உக்காந்து அடிக்கட்டும்."

மணவாளன் பென்சிலால் எழுதியிருக்கிறார்.