இருபத்தைந்து கையெழுத்து

மலை உச்சியில் இருந்த தகரப் பெட்டிக்கு முன்னால் நின்று ஸ்டெய்னார் தன் பெயரை எண்ணினான். நோட்டின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டி இன்னொரு முறையும் எண்ணினான். நான்குதான்.

அன்று ஜனவரியின் கடைசி ஞாயிறு. பிப்ரவரி முடிவதற்குள் இருபத்தைந்து வேண்டும்.

அந்தப் பெட்டியில் எப்போதும் ஒரு நோட்டும் ஒரு பென்சிலும் கிடக்கும். ஏறி வந்தவர்கள் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு இறங்குவார்கள். காவலுக்கு யாரும் இல்லை. எங்கள் பள்ளத்தாக்கில் மீனின் நீளத்தைப் பற்றிப் பொய் சொல்லாதவன் கிடையாது. அந்த நோட்டில் பொய் எழுதியவன் என்று மட்டும் யாரையும் கேள்விப்பட்டதில்லை.

இருபத்தைந்து என்ற கணக்கைப் போட்டவன் எல்டார். மரம் அறுக்கும் மில்லில் மேஸ்திரி அவன். ஒவ்வொரு மார்ச் மாதமும் மில்லுக்கும் பக்கத்து ஊர்ப் பால்பண்ணைக்கும் பனிச்சறுக்கு அஞ்சலோட்டப் போட்டி நடக்கும். பக்கத்துக்கு நான்கு பேர், ஆளுக்கு ஒரு சுற்று, எல்லோரும் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள். உச்சி நோட்டில் இருபத்தைந்து கையெழுத்து இல்லாதவனுக்கு அணியில் இடமில்லை. அவன் பாதையோரம் நின்று சாசேஜ் விற்க வேண்டும்.

ஸ்டெய்னாருக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினேழு வருடமாக அணியில் இருக்கிறான். எட்டு மணி நேரம் ஈரப் பலகை அடுக்கிவிட்டு வீட்டுக்கு வருகிறவனிடம், இன்னும் இரண்டு பலகையைக் காலில் கட்டிக்கொண்டு மலை ஏறு என்றால் எப்படி ஏறுவான்? புதுக் கால்சட்டை வாங்கிப் பார்த்தான். 'எழுந்திரு' என்று மணிக்கொரு தடவை அதட்டும் கைக்கடிகாரமும் வாங்கினான். உட்கார்ந்த இடத்திலேயே அதற்குப் பதில் சொல்லப் பழகிக்கொண்டான்.

உள்ளபடி சொன்னால் களைப்பு மட்டும் காரணமில்லை. போன வருடப் போட்டியில், கடைசி ஏற்றத்தில் பின்னாலிருந்து "வழி!" என்று ஒரு குரல் வந்தது. பனித் தடத்தில் முந்த வருகிறவன் அப்படிக் கத்தினால் முன்னால் போகிறவன் ஒதுங்க வேண்டும். ஒதுங்கினான். பால்பண்ணைக் கணக்குப்பிள்ளை, அறுபத்து மூன்று வயது, "நன்றி தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தத் 'தம்பி' இன்னும் முழங்காலில் வலித்தது.

ஸ்டெய்னார் சுற்றுமுற்றும் பார்த்தான். பைன் மரங்களைத் தவிர யாரும் இல்லை. ஞாயிறு என்று தன் பெயரை எழுதினான். நான்கு வரி இடம் விட்டு, வரப்போகும் செவ்வாய் என்று மறுபடி தன் பெயர். இன்னும் எட்டு வரி தள்ளி, வியாழன் என்று ஒன்று. வெள்ளிக்கும் சனிக்கும் அப்படியே. ஒரு நாளைக்கு நான்கைந்து பேர் ஏறுவார்கள், இடைவெளியை அவர்களே நிரப்பிவிடுவார்கள். காட்டில் மரத்தைப் பார்த்தே இத்தனை பலகை தேறும் என்று சொல்கிறவனுக்கு இந்தக் கணக்கு பெரிதா?

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் முழு உடுப்போடு, சறுக்குப் பலகைகளோடு வீட்டை விட்டுக் கிளம்பினான். ஏரிக்கரை வரை சறுக்கிப் போய்த் தன் படகுக் கொட்டகைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே சின்ன இரும்பு அடுப்பு, சாய்வு நாற்காலி, பிளாஸ்க் நிறையக் காபி, பையில் ஏலக்காய் பன். ஒன்றரை மணி நேரம் கழித்துத் தலையில் கொஞ்சம் பனியை அள்ளிப் போட்டுக்கொண்டு திரும்பினான்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள் மனைவி தூரிட்.

"கொன்னுடுச்சு."

"பாவம். சாப்பாடு கம்மியா வைக்கவா?"

"ஏன் கம்மியா?"

"பன் வாசனை வருதே, அதான் கேட்டேன்."

ஞாயிறுகளில் மட்டும் உண்மையாகவே ஏறினான். ஏறியதும் வரும் வாரத்துக்கு எழுதிவைத்துவிட்டு இறங்கினான். மூன்றாவது வாரம் பள்ளிகளுக்குப் பனி விடுமுறை விட்டதை மட்டும் அவன் கணக்கில் சேர்க்கவில்லை. ஊர்ப் பிள்ளைகள் மொத்தமும் ஒரே நாளில் மலை ஏறி, நோட்டில் எழுதித் தள்ளிவிட்டார்கள்.

திங்கட்கிழமை காபி நேரத்தில் ஒட்னி அந்த நோட்டோடு வந்தாள். மில் ஆபீஸில் வேலை பார்க்கிறவள். பெட்டியில் நோட்டு மாற்றுவதும் அவள் பொறுப்புதான். மூக்குக் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஸ்டெய்னார், இங்க பாரு. செவ்வாய்க்கிழமை நாப்பது பிள்ளைங்க ஏறியிருக்கு. அதுக்கு நடுவுல நீ வியாழக்கிழமைன்னு எழுதியிருக்கே. ரெண்டு நாள் முன்னாடியே எப்படி வந்தே?"

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"தூக்கக் கலக்கம்," என்றான் ஸ்டெய்னார். "விடியறதுக்கு முன்னாடி ஏறறேன் பாரு, கிழமையே தெரியறதில்லை."

"விடியறதுக்கு முன்னாடியா?" எல்டார் நிமிர்ந்தான். "காலைல பாதையில நான் உன்னைப் பார்த்ததே இல்லையேப்பா."

"நான் அந்தப் பக்கமா வர்றதில்லை. பின்பக்கமா, ஏரியிலேர்ந்து ஏறறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. ஏரிப்பக்கம் ஐந்து கிலோமீட்டர், பாதிக்கு மேல் செங்குத்து. காட்டு மான்கூடச் சுற்றித்தான் போகும்.

"ஏரிப்பக்கமாவா!" எல்டார் எழுந்தே விட்டான். "அடப்பாவி, இவ்வளவு நாள் சொல்லவே இல்லையே! உன்னைப் போய் மூணாவது சுத்துல வச்சிருக்கேனே. கடைசிச் சுத்து உனக்குத்தான். அந்தக் கணக்குப்பிள்ளைக்கு எதிரா நீதான் ஓடறே."

"எல்டார், அவ்வளவெல்லாம் வேண்டாம்..."

"அடக்கத்தைப் பாரு! சரி, நாளைக்கு நானும் உன்கூட வர்றேன்."

"வேண்டாம்! தனியாப் போனாத்தான் எனக்குக் கால் வரும்."

"அதுவும் சரிதான். சனிக்கிழமை காலைல போவியா?"

"போவேன்," என்றான் ஸ்டெய்னார். வேறு என்ன சொல்வது? புது நோட்டில் சனிக்கிழமைக்கு ஏற்கெனவே எழுதியாயிற்று.

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அவன் கொட்டகையில் இரண்டாவது பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தூரிட்.

"எங்க இருக்கே?"

"எங்கேன்னா... உச்சியில. பெட்டி பக்கத்துல."

"அப்பாடா! உயிரோடதான் இருக்கியா!"

"ஏன், என்ன ஆச்சு?"

"ஒட்னி இப்பத்தான் உச்சியிலேர்ந்து இறங்கி வந்தா. நோட்டுல உன் பேர் இருக்கு, இன்னிக்குத் தேதியும் இருக்கு, ஆனா பனியில ஒரு தடம்கூட இல்லையாம். பின்பக்கச் சரிவுல விழுந்துட்டேன்னு மில்லே கிளம்பி நிக்குது. பதினோரு பேர். எல்டார் கயிறெல்லாம் எடுத்துட்டு வந்திருக்கான்."

"காத்துக்கு ஒதுங்கிப் பாறைக்குப் பின்னாடி உக்காந்திருந்தேன், தூரிட். அவ பார்த்திருக்க மாட்டா. நானே இறங்கி வந்துடறேன்."

"நகரக் கூடாது! ஆள் கிடைச்சா அந்த இடத்துலயே இருக்கணும், அதுதான் முறை. ஒரு மணி நேரத்துல வந்துடுவாங்க. பாதிப் பேரை ஏரிப்பக்கமா, உன் படகுக் கொட்டகை வழியா அனுப்பறேன்னு எல்டார் சொல்றான்."

"வேண்டாம், வேண்டாம்! எல்லாரும் முன்பக்கமாவே வரட்டும்!"

"சரி, உன் இஷ்டம்." பின்னால் யாரோ இருமினார்கள்.

ஸ்டெய்னார் பன்னைப் பார்த்தான். ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தான். இப்போது உண்மையைச் சொன்னால் கடைசிச் சுற்று போகும், அணி போகும், பதினேழு வருடம் போகும். நோட்டில் பொய் எழுதிய முதல் மனிதன் என்று அவன் பேரன் காலத்திலும் பேசுவார்கள். சொல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் உச்சியில் இருக்க வேண்டும்.

வாயில் பன்னோடு ஓடினான்.

பலகைகளுக்கு அந்த வருடம் பிடிமானத்துக்கான மெழுகே பூசவில்லை. இரண்டடி ஏறினால் ஓரடி பின்னால் வழுக்கியது. முனைகளை விரித்து, மீன்முள் மாதிரி தடம் வைத்து, கைக்கோலை ஊன்றி ஊன்றி ஏறினான். முதல் கிலோமீட்டரிலேயே போன் அடித்தது.

"என்ன இப்படி மூச்சு வாங்குது உனக்கு?" என்றாள் தூரிட்.

"குளிரு."

"நடுங்குறியா? கை காலை ஆட்டிக்கிட்டே இரு."

"ஆட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்!"

சரிவு நெட்டுக்குத்தாக நின்ற இடத்தில் மறுபடி அடித்தது.

"குரல் சரியில்லையே. நெஞ்சு வலிக்குதா? ஹெலிகாப்டருக்குச் சொல்லட்டுமா?"

"வலிக்கலை! ஒண்ணுமே வலிக்கலை! இருபது வயசு மாதிரி இருக்கேன்!"

"அப்ப ஏன் அழற மாதிரி பேசறே?"

"காத்து!"

"எல்டார் பாதி வழி வந்துட்டானாம். ரொம்ப வேகமா வர்றானாம்."

"அவ்வளவு வேகம் எதுக்கு? வயசான காலத்துல விழுந்து வைக்கப் போறான், மெதுவா வரச் சொல்லு!"

போனைச் சட்டைக்குள் தள்ளிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அதற்குப் பிறகு அவன் எதையும் நினைக்கவில்லை. கோல், கால், கோல், கால். மூன்றாவது கிலோமீட்டரில் முழங்கால் வலி எங்கோ தொலைந்துபோயிருந்தது. சரிவு கொஞ்சம் தணிந்ததும் உடம்பு தானாகவே முன்னால் போனது. நன்றாகத் தீட்டிய ரம்பத்துக்கு மரம் வழிவிடுவது மாதிரி மலை வழிவிட்டது. எத்தனை வருடம் ஆயிற்று இப்படிப் போய்!

வேறொரு தடம் வந்து சேர்ந்த இடத்தில், முன்னால் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே ஒரு இளம் ஜோடி தடத்தை அடைத்துக்கொண்டு போனது.

"வழி!" என்று கத்தினான்.

இருவரும் பனிக்குள் தாவி ஒதுங்கினார்கள். ஸ்டெய்னார் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பனியும் வியர்வையும் ஒழுகும் முகத்தோடு, தனக்குத்தானே பல்லைக் காட்டிக்கொண்டு போனான்.

உச்சியில் யாரும் இல்லை. பெட்டியைத் தொட்டான், பாறைக்குப் பின்னால் போய் விழுந்தான். மூச்சு அடங்குவதற்குள் முன்பக்கத்தில் தலைகள் தெரிந்தன.

"அதோ, கிடைச்சுட்டான்!" என்று எல்டார் கத்தினான்.

பதினோரு பேரும் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் கம்பளி போர்த்தினான், ஒருவன் காலைத் தேய்த்தான். தூரிட் பின்னாலேயே வந்து அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். யாருக்கும் மூச்சு வாங்கவில்லை. எல்டாரின் மீசையில் வாஃபிள் துணுக்கும் ஜாமும் ஒட்டியிருந்தன. கயிற்றில் கடை விலைச்சீட்டு இன்னும் அப்படியே தொங்கியது. ஸ்டெய்னார் கவனித்தது அதையெல்லாம் அல்ல. சனிக்கிழமை ஓய்வை விட்டுவிட்டு, தன் ஒருவனுக்காக மில்லே மலை ஏறி வந்திருக்கிறதே என்பதைத்தான். நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"எல்டார், ஒண்ணு சொல்லணும்."

"முதல்ல காபி குடி."

"இல்லப்பா, சொல்லியே ஆகணும். இந்த நோட்டுல என் பேர்..."

"அப்புறம் பேசிக்கலாம்னு சொல்றேன்ல!" எல்டார் கோப்பையை அவன் வாயருகே கொண்டுபோனான்.

ஸ்டெய்னார் அதைத் தள்ளினான். "எல்லாம் பொய். எட்டுத் தடவைதான் நான் உண்மையா ஏறினேன். மிச்சமெல்லாம் முன்கூட்டியே எழுதி வச்சது. விடியக்காலைல ஏறினதும் பொய், ஏரிப்பக்கமா வந்ததும் பொய். இன்னிக்கு நீங்க தேடறீங்கன்னு கேட்டப்புறம்தான் கொட்டகையிலேர்ந்து கிளம்பி ஓடி வந்தேன். எனக்குக் கடைசிச் சுத்து வேண்டாம். எந்தச் சுத்தும் வேண்டாம். நான் சாசேஜ் வித்துக்கறேன்."

எல்டார் குனிந்து தன் காலணியின் நாடாவை அவிழ்த்து மறுபடியும் கட்டத் தொடங்கினான். அவன் காது இரண்டும் சிவந்திருந்தன.

ஒட்னி கையுறையை விலக்கிக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"கொட்டகையிலேர்ந்து அம்பத்தெட்டு நிமிஷம், பரவால்லையே! போன வருஷம் எல்டாரைக் காணோம்னு நாங்க சில பேர் தேடினப்போ அவன் வீட்டிலேர்ந்து இங்க ஓடி வர ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சு."