அரைப்பேர் தண்ணீர்

பேய் பிடித்தவனைப் பார்த்திருக்கிறேன், சுவீப் டிக்கெட்டில் லொத்தர் பரிசு விழுந்து பைத்தியம் பிடித்தவனையும் பார்த்திருக்கிறேன். ஆனால் சாக்கடைத் தண்ணீருக்குப் பெரட்டு எடுத்த மனிதர் பதுளையிலேயே கான் தொரை ஒருவர்தான்.

கான் என்றால் எங்கள் பக்கம் வடிகால். தேயிலைத் தோட்டத்தில் கான் வெட்டியே முதுகு வளைந்தவர். நடை மட்டும் வெள்ளைக்காரத் தொரை நடை.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பால்வாளி சுமந்தே பண்ணை வைத்தவன். என் தயிர் போகாத கல்யாணப் பந்தி பதுளையில் கிடையாது. ஆனால் தொழுவம் கழுவிய தண்ணீரும் தயிர்ச்சட்டி கழுவிய புளித்த தண்ணீரும் ஒன்றுகூடி, கீழ் லயத்து வரிசை வீட்டுச் சனம் குளிக்கும் பீலி ஓடையில் போய் விழுந்தன. சுகாதாரப் பரிசோதகர் வந்தார்.

"அடுத்த வாட்டி வர்றப்பவும் இப்படி ஓடிச்சுன்னா, பண்ணைக்குப் பூட்டுதான்."

அப்போதுதான் கான் தொரையைக் கூட்டி வந்தேன். சரிவில் படிபடியாகக் குழிகள் வெட்டினார். தண்ணீர் ஒவ்வொன்றிலும் கிடந்து தெளிந்து, கடைசியில் மாட்டுப் புல்லுக்குப் போக வேண்டும். தோட்டத்தில் காலையில் ஆளெடுத்து வேலை பிரிப்பதுபோல, இவர் குழிகளுக்குப் பெரட்டு எடுத்தார்.

"மேல்குழி, சாணிய அடியில எறக்கு. நடுக்குழி, என்னடா நொரை? நேத்து சம்பளம் வாங்கிக் குடிச்சியா?"

பிறகு கடைசிக் குழியில் விரலை விட்டார். நாக்கில் வைத்தார். நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

"யோவ், நீ மனுசனா?"

"வாயில வச்சாத்தான் தெரியும் மொதலாளி. இதுக்கு இன்னைக்கு அரைப்பேர்தான்."

அரை நாள் வேலைக்குத் தோட்டத்தில் அரைப்பேர். முழுப்பேர் வாங்காத தண்ணீரை அவர் வெளியே விடுவதில்லை.

அடைமழை விட்ட காலையில் பரிசோதகர் வந்து நின்றார். "தொறந்து காட்டுங்க."

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "தாராளமாப் பாருங்கய்யா, எளநி மாதிரி இருக்கும்."

மடைக்குக் குறுக்கே மம்பட்டியோடு நின்றார் கான் தொரை. "தொறக்க முடியாதுங்க. மழைத்தண்ணி தள்ளிக்கிட்டு வந்திருச்சு. வேலை முடியல. நாறுது. இத விட்டா புல்லுல நிக்காது, நேரா பீலிக்குத்தான் போவும்."

என் சம்பளத்தைத் தின்கிற வாயே என் பண்ணைக்குப் பூட்டுப் போடுகிறது.

"கொஞ்சம் ஓரமா நில்லுய்யா" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீங்க நில்லுங்க மொதலாளி. கான் வேலை என் வேலை."

பரிசோதகர் கீழே இறங்கிப்போனார். பீலித் தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்தார், முகர்ந்தார், அதிலேயே முகத்தையும் கழுவிக்கொண்டார். மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"எல்லாப் பண்ணையிலயும் பன்னீர்தான் ஓடுதுங்கிறானுங்க. நாறுதுன்னு சொன்ன மொத ஆளு இவருதான். இந்த ஆளு இருக்கிற வரைக்கும் பூட்டு வேணாம்."

அன்று மதியம் கான் தொரையை என் பக்கத்தில் உட்கார வைத்துச் சோறு போட்டேன். என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பரிமாறினாள். அவர் கூசாமல் தயிர் கேட்டு வாங்கித் தின்றார். பிறகு தினமும் அப்படியே ஆனது.

அவர் திருவிழாவுக்கென்று தன் பழைய தோட்டத்துக்குப் போன நாட்களில் வீடு பூவாய் மணக்கும். எனக்குத்தான் சோறு இறங்காது.