நாற்பத்தொரு குவளைகள்

செத்துப்போன நாற்பத்தொரு பேரை ஒரே பிற்பகலில் எழுப்பிவிட்ட முட்டாள் நான்தான். பட்டப்படிப்பு, இரண்டு டிப்ளோமா, பதினோரு வருட ஆசிரியத் தொழில் எல்லாம் முடித்த பிறகு செய்த காரியம் இது. (படிக்காதவனுக்கு இவ்வளவு திறமை வராது.)

ஹட்டனுக்கு மேலே உள்ள, தேயிலைத் தோட்டத்துத் துரைமாரின் பழைய கிளப் தன் வரலாற்றைப் புத்தகமாகப் போட முடிவு செய்து, தமிழ்ப் பகுதியை என்னிடம் ஒப்படைத்தது. தோட்டத் தொழிலாளர்களான எங்கள் ஆட்கள் பின்வாசல் வழியாக மட்டுமே நுழைந்த கட்டடம் அது. நான் முன்வாசலால் போகப்போகிறேன் என்று மூன்று நாள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

என் மனைவி செல்விக்கு அந்தப் பெருமையெல்லாம் பிடிபடவில்லை. அவளுடைய அப்பா அந்த கிளப்பில் முப்பத்தாறு வருடம் பரிமாறியவர். தலை நரைத்த பிறகும் அவரை ஆங்கிலத்தில் ‘பையன்’ என்றுதான் கூப்பிட்டார்கள். கிளப்பின் எந்தப் புத்தகத்திலும் அவர் பெயர் கிடையாது.

“அப்பா பேரு அந்தப் புத்தகத்துல வரணும். கிளப் தலைவர்கிட்ட நேரா கேளுங்க. கேக்காம வீட்டுக்கு வராதீங்க.”

“கேக்குறேன்டி.”

“போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க. அவரப் பாத்ததும் சிரிச்சிட்டு வந்துட்டீங்க.”

தலைவர் மூன்றரைக்கு வருவதாக இருந்தது. இரண்டு மணிக்கே போய்விட்டேன். மதுக்கூடத்தின் சுவரில் வரிசையாக ஈயக் குவளைகள், உறுப்பினருக்கு ஒன்றாக, பெயர் வெட்டியவை. உயிரோடிருப்பவரின் பெயர் அறையைப் பார்க்கும். இறந்துவிட்டால் குவளையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவார்கள். பிறகு யாரும் தொடுவதில்லை. இந்த வழக்கத்தை அங்கே வேலை செய்யும் கருப்பையா அண்ணன்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் தேநீர் ஊற்றப் போனார்.

வரலாறு என்றால் பெயர்கள் வேண்டாமா? சுவரைப் பார்த்த குவளைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரை எழுதினேன். சரிபார்க்க வசதியாக இருக்கட்டும் என்று பெயர் வெளியே தெரியும்படி மாட்டினேன். நாற்பத்தொன்று.

கடைசிக் குவளையை மாட்டியபோது மூடுபனி ஜன்னலைத் தாண்டி உள்ளே வந்திருந்தது. விளக்கு மங்கியது. பூட்டிக் கிடந்த பில்லியர்ட் அறைக்குள் பந்தோடு பந்து மோதுவதுபோல் ஒரு ‘டொக்’. சற்று நேரம் கழித்து, யாரோ யோசித்து அடித்தது போல, இன்னொரு ‘டொக்’. சுவரை நிமிர்ந்து பார்த்தேன். இத்தனை வருடம் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த நாற்பத்தொரு பேர் ஒரே நேரத்தில் திரும்பி, ‘இவன் எந்த வாசலால் வந்தான்?’ என்று கேட்பது போலிருந்தது.

அப்போது நான் செய்ததை இன்றுவரை செல்வியிடம் முழுதாகச் சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். சப்பாத்தையும் கழற்றினேன். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எங்கள் ஆட்கள் துரைக்கு முன்னால் நின்ற மாதிரியே தலை குனிந்து நின்று, “குட் ஆப்டர்நூன் சேர்” என்றேன். (உரிமை, சமத்துவம் என்று நான் மேடையில் முழங்கியதெல்லாம் சப்பாத்தோடு சேர்ந்து கழன்றுவிட்டது.)

தட்டோடு வந்த கருப்பையா அண்ணன் சுவரைப் பார்த்தார். தேநீர்க் கோப்பை கீழே விழுந்து உடைந்தது.

“அய்யோ மாஸ்டர்! எல்லாரையும் கூப்புட்டு வச்சிருக்கீங்களே!”

“பேரு எழுதத்தான் அண்ணே...”

“அது சரி, அத ஏன் திருப்புனீங்க?”

அவர் விரல் காட்டிய இடத்தில், எல்லாக் குவளையும் அறையைப் பார்க்க, ஒன்று மட்டும் சுவரைப் பார்த்துத் தொங்கியது. அது தலைவருடையது. சத்தியமாக நான் அதைத் தொடவில்லை. கருப்பையா அண்ணனும் தொடவில்லை. அறையில் மூன்றாவது ஆள் கிடையாது.

சரியாக அந்த நேரம் தலைவர் உள்ளே வந்தார். தோட்டத்துத் தமிழ் பேசுகிற ஓய்வுபெற்ற பெரிய துரை. சுவரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“கருப்பையா, நான் எப்ப செத்தது?”

உடனே சரிசெய்துவிடலாம் என்று பாய்ந்து அவர் குவளையைத் திருப்பினேன். கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது. குவளை உருண்டு போய் அவர் காலடியில் நின்றது.

“இவனை வெளியே போடு.”

என் மாமனாரின் பெயரைப் புத்தகத்தில் சேர்க்கும்படி கேட்க வாய் திறந்தேன். “ஸொரி சேர்” என்றுதான் வந்தது. தொப்பி, சப்பாத்து, தாள்கள் எல்லாவற்றையும் அங்கேயே விட்டு ஓடினேன். பின்வாசலால். வீட்டில் செல்வி இரண்டு நாள் பேசவில்லை. இன்றைக்கும் நான் வரத் தாமதமானால் என் தேநீர்க் கோப்பையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பாள். தலைவர் மட்டும் இன்றுவரை கல்லுப்போல இருக்கிறார்.

நான் விட்டுவந்த தாளை அப்படியே அச்சுக்குக் கொடுத்திருக்கிறார்கள். புத்தகம் வந்தபோது ‘காலமான உறுப்பினர்கள்’ என்ற தலைப்பின் கீழ் நாற்பத்திரண்டு பெயர்கள். முதல் பெயர், நான் கேட்க மறந்துவிடக் கூடாது என்று செல்வி தாளின் உச்சியில் எழுதிவிட்ட அவள் அப்பாவின் பெயர்: வீரன் சின்னையா.

நோட்டன் பிரிட்ஜில் இருக்கும் மாமாவிடம் புத்தகத்தைக் கொண்டு போனோம். கண்ணாடியைத் துடைத்து மாட்டி, அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

“மன்னிச்சிருங்க மாமா. உசுரோட இருக்கிறவங்கள செத்தவங்களோட சேத்துட்டாங்க. திருத்தச் சொல்லி எழுதட்டுங்களா?”

“மொதப் பேரு மாப்ள, தொடாதீங்க.”