வெற்றிலைக் கூடைக்குள் ஒரு மதர்போர்ட்

என் மச்சானை இராணுவத்திடம் பிடித்துக் கொடுத்தவன் நான்தான். வாயால் காட்டிக் கொடுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

எல்லாம் ஒரு கேம் கம்பியூட்டருக்காக. ஐம்பதை நெருங்கிய கணித ஆசிரியன், பட்டணத்தில் ஒரு கடையில் கார்ப் பந்தய விளையாட்டைப் பார்த்து மயங்கிவிட்டேன். நாங்கள் சைக்கிளில் போனாலும் பத்தடிக்கொருதரம் இறங்கி அடையாள அட்டை நீட்டிய போர்க்காலம். அந்தத் திரையில் மட்டும் ஒரு சென்றிகூட, ஒரு சோதனைச் சாவடிகூட இல்லாத வீதி!

களுதாவளையில் நான் இருந்தது மனைவியின் வீட்டு வளவில். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண் வாழப் போனவன். “மகன்ட படிப்புக்கு” என்று சொல்லித்தான் பழைய மொனிட்டரும், ஒரு பக்கம் நசுங்கிய கேசிங்கும் உள்ளே வந்தன. மதர்போர்ட் என்றதும் மனைவி கையை விரித்தாள். கடையில் இருந்ததிலேயே மலிவானதை, ராம் என்கிற மெமரிச் சில்லும் பொருத்தி, இரகசியமாக வாங்கினேன். (பெட்டியில் இருந்த கம்பனிப் பெயரை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.)

அன்று மனைவியின் தம்பி கனகு சந்தையில் வெற்றிலை விற்றுவிட்டு என்னோடு பஸ்ஸில் வந்தான். வயரும் பற்றரியும் உள்ள பலகை என் பையில் இருந்தால் குண்டா என்று கேள்வி வரும், வெறும் வெற்றிலைக் கூடையை யார் கிளறப் போகிறார்கள் என்று கணக்குப் போட்டேன். பஸ் ஏறுமுன் அவன் தேநீர் குடிக்கப் போன நேரம், கூடையின் அடிச்சாக்குக்குக் கீழே பலகையைச் செருகினேன். அவனிடம் சொல்லவில்லை. (நான் போட்ட கணக்குகளில் இதைவிட மோசமானது இல்லை.)

பாலத்தடிச் சென்றியில் எல்லோரையும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். ஆமிக்காரன் கூடையைக் கவிழ்த்தான். பலகை நிலத்தில் விழுந்தது.

“காகெத மே?” யாருடையது இது என்று சிங்களத்தில் கேட்டான்.

“கூடை என்டதான் ஐயா. உள்ளுக்க கிடக்கிறது என்னெண்டே தெரியாது” என்றான் கனகு.

அந்த நாளில் அதைவிட ஆபத்தான பதில் கிடையாது. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. நான் வாவியைப் பார்த்தேன். வாவியில் பார்க்க ஒன்றுமே இருக்கவில்லை. அவனைச் சட்டையில் பிடித்து முகாமுக்குள் இழுத்துப் போனார்கள். நான் பஸ்ஸில் ஏறினேன்.

“தம்பி எங்க?” என்றாள் மனைவி.

“அடுத்த பஸ்ஸில வாறான்.”

அடுத்த பஸ்ஸும் போனது. அதன் பிறகுதான் சொன்னேன். அவள் அழவில்லை. மொனிட்டரையும் கேசிங்கையும் தூக்கி வாசற்படலைக்கு வெளியே வைத்தாள். “என்ட தம்பி இல்லாம இந்த வளவுக்க கால் வைக்காதீங்க.”

அப்படிப் பிடிபட்டுப் போனவர்களில் திரும்பி வராதவர்கள் எங்கள் ஊரிலேயே பலர்.

எல்லாவற்றையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு முகாமுக்குப் போனேன். “அது என்னுடையது, கம்பியூட்டர் பாகம்” என்று ஆங்கிலத்தில் அதிகாரியிடம் சொன்னேன். “அப்படியானால் எல்லாவற்றையும் பொருத்திப் பூட்டிக் காட்டு” என்றார்.

துப்பாக்கிகளுக்கு நடுவே பூட்டினேன். திருகாணி மூன்று தடவை கைதவறி விழுந்தது. சுவிட்சை அழுத்தினேன். திரை கறுப்பு. உள்ளிருந்து ‘பீ...ப்’ என்று நீளமாக ஒரு சத்தம்.

சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் நிலத்தில் விழுந்தார்கள். அதிகாரி மேசைக்கடியில். நான் மட்டும் கையில் திருப்புளியோடு நின்றேன். (வீரம் இல்லை. கால் மடங்கவில்லை.)

“ராம் சரியா இறங்கேல்ல சேர்” என்று தமிழிலேயே கத்திவிட்டு அதை அழுத்தினேன். இரண்டாம் முறை திரையில் வெள்ளை எழுத்துக்கள் ஓடின. அதிகாரி தூசி தட்டியபடி வெளியே வந்து, என் கன்னத்தில் ஒன்று விட்டார். பிறகு கனகுவைக் கொண்டுவரச் சொன்னார்.

அவனுக்கு உதடு வெடித்திருந்தது. இடது கையைத் தூக்க முடியவில்லை. ஓட்டோவில் வரும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“கேம் விளையாடத்தானே, அத்தான்?”

“ஓம்.”

அவன் வலது கையால் இடது கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான்.

மன்னிப்புக் கேட்டேன், தலையாட்டினான். கம்பியூட்டரை அவன் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன், திருப்பி அனுப்பினான். அடுத்த மழைக்கு விழுந்த இடியோடு அந்தப் போர்டும் செத்தது. ஒரு கேம்கூட நான் விளையாடவில்லை. அவனுடைய இடது கை தோளுக்கு மேல் பிறகு எழும்பவேயில்லை. அதனால் சந்தை நாட்களில் அவனுடைய வெற்றிலைக் கூடையை நான் சுமந்தேன். சென்றிகளை அகற்றும்வரை, பாலத்தடியில் “மகே” என்று நானே சொல்லி நீட்டினேன், என்னுடையது என்று.

அவன் தடுக்கவில்லை. ஆனால் கூடையை என்னிடம் தருமுன் ஒவ்வொரு தடவையும் கவிழ்த்து உதறிக் காட்டிவிட்டுத்தான் வெற்றிலையை அடுக்குவான்.

இன்றும் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் புறப்படும்போது, கனகு தன் பையை எனக்கு முன்னால் தலைகீழாகப் பிடித்து உதறுவான். பேரப்பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். மனைவியும் சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

கனகு சிரிப்பதில்லை. பைக்குள் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போவான்.